மண்ணோடு கட்டுண்ட சான்று

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியை ஒட்டி நீண்டு கிடக்கும் சமண மலையில் செட்டிப்புடவு என்றொரு குகைத்தளம் உண்டு. அதன் உட்சுவரில் தீர்த்தங்கரர் திருமேனிகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் சில வரிகள் உள்ளன. யார் செய்வித்தது, அவர் யாருடைய மாணாக்கர், எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்பதே அவ்வரிகளின் செய்தி. கனகநந்தி, அபிநந்தனர், அரிமண்டலர் என்று ஆசிரியரும் மாணாக்கருமாகத் தொடரும் அப்பெயர்கள் சுட்டும் ஊர் மதுரை அன்று; வெண்பு நாட்டுக் குறண்டி. அங்கிருந்த திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளியின் துறவியரே ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் மதுரைக் குன்றுகளுக்கு வந்து இத்திருமேனிகளைச் செய்வித்திருக்கின்றனர்.

குறண்டி, அருப்புக்கோட்டைக்கு வடக்கே ஆவியூரை அடுத்த ஒரு சிற்றூர். மழைக்கு வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மண். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் மாணாக்கரை உருவாக்கியிருக்கின்றனர் என்பதற்கு ஐயத்திற்கு இடமில்லாத சான்று ஒருநாள் நடைத் தொலைவில் மலையில் இருக்கிறது. பள்ளி மட்டும் அதன் ஊரில் எழுந்து நிற்கும் கட்டடமாக இல்லை. மலைக்கல்லில் ஊர்ப்பெயரைப் பொறிக்காமல் விட்டிருந்தால் குறண்டி என்னும் கல்விநிலையம் வரலாற்றிலிருந்தே உதிர்ந்துபோயிருக்கும். அப்பெயரைப் பொறிக்கச் சொன்னவர் எவரோ, அவரை இந்த வறண்ட நிலத்தின் முதல் அருங்காட்சியகக் காப்பாளர் என்று மதிப்பதில் எனக்குத் தடையில்லை. காப்பாளரின் முதற்கடமை பொருளைத் துடைத்து வைப்பதன்று. பொருள் எங்கிருந்து வந்தது என்னும் செய்தி அதைவிட்டுப் பிரியாமல் காப்பதே முதற்கடமை.

வரலாற்றாசிரியரின் தொழிலைக் கற்பித்தல், அருங்காட்சியகம், ஊர் வரலாறு என மூன்று அறைகளாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். பல்கலைக்கழகத்துப் பணி விளம்பரங்களும் அவ்வாறே பிரிக்கின்றன. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் நின்று பார்க்கும்போது இம்மூன்றும் ஒரே வேலையின் மூன்று கைகளாகவே தோன்றுகின்றன. சான்றை அதன் இடத்தோடு கட்டிவைப்பதே அவ்வேலை. சமண மலையில் இன்னொரு கல்வெட்டு இதனை ஒரே மூச்சில் காட்டிவிடுகிறது. குறண்டி அட்டோபவாசியின் மாணாக்கர் குணசேனர். அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். அவர் ஒரு திருமேனியைத் தம் பெயரால் செய்விக்காமல் குயிற்குடி ஊரார் பெயரால் செய்வித்தார். கற்பித்தவரும் இருக்கிறார், காக்கப்பட்ட பொருளும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது.

இந்நிலத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. ஏனைய மாதங்களில் குண்டாறு மணல் ஆறு. எனவே இங்கே ஊர் என்றால் கண்மாய். கண்மாய் இல்லையேல் ஊர் இல்லை. சாத்தூர்ப் பகுதியில் எருக்கங்குடிக் கல்வெட்டு, பாண்டியன் சீமாறன் சீவல்லவன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், இருப்பைக்குடி கிழவன் எட்டிச்சாத்தன் என்னும் தலைவன் ஏரிகள் வெட்டுவித்ததைப் பெருமையோடு பட்டியலிடுகிறது. போர் வென்றதைப் பாடும் கல்வெட்டுகளுக்கு நடுவே நீர் தேக்கியதைப் பாடும் கல்வெட்டு இது. அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்தில், முதற் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, வெண்பு நாட்டுக் கும்பனூரில் முக்குடை நிழலில் அமர்ந்த அருகனுக்கு எடுத்த கோயிலைப் பற்றிப் பேசுகையில் தண்ணீர்ப் பந்தலையும் மறவாமல் குறிக்கிறது. காவிரிக் கரையில் அது ஓர் அறச்செயல். இங்கே அது உயிர் காக்கும் ஏற்பாடு.

அடுத்தது மண். கரிசல் என்று நாம் சொல்லும் கருமண்ணில் நீரை உறிஞ்சி வீங்கும் களிமண் கனிமங்கள் மிகுதி. மழையில் அது பருத்துப் பிசுபிசுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வெடிப்புகளில் முழங்கை இறங்கும். சிலவற்றில் முழுக்கையும் இறங்கும். பருத்திக்கும் சோளத்துக்கும் கம்புக்கும் இவ்வியல்பு நன்மையாக அமைகிறது, ஏனெனில் மேல்மண் தானே உள்ளே விழுந்து நிலம் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது. அகழாய்வாளருக்கோ இதுவே தலைவலி. தொல்லியலின் அடிப்படை விதி எளியது: குலையாத மண்ணடுக்குகளில் கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது. வெடித்த கரிசலில் நேற்று உடைந்த வளையல் துண்டு ஒரு கோடையில் மூன்றடி கீழே போய் ஈராயிரம் ஆண்டுப் பழைய பானை ஓட்டின் அருகே படுத்துக்கொள்ளும். அடுத்த மழையில் மண் வீங்கும்போது கீழிருந்த கல் மேலே தள்ளப்படும். உழவர்கள் ஆண்டுதோறும் பொறுக்கி வரப்பில் எறிந்தும் தீராமல் கற்கள் கிளம்பிக்கொண்டே இருப்பதற்கு ஒரு காரணம் இது.

ஆகையால் கரிசலில் ஆழத்தை மட்டும் நம்பிக் காலத்தைச் சொல்பவர் ஏமாறுவார். வெடிப்பு வழியே விழுந்த மண்ணுக்கும் படிந்த மண்ணுக்கும் நிறத்திலும் இறுக்கத்திலும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிய வேண்டும். ஒரு குழியின் சுவரை மட்டுமன்றி அடுத்த குழியின் சுவரையும் ஒப்பிட வேண்டும். தளம், அடுப்பு, உறைகிணறு போன்று நகராமல் நிற்கும் அமைப்புகளை அச்சாகக் கொண்டு நகரும் பொருள்களை மதிப்பிட வேண்டும். பழைய ஊர்கள் இருந்த மேடுகள் சாம்பலும் செங்கல்லும் சிதைந்த சுவர்மண்ணும் கலந்து எழுந்தவை. தூய கரிசலைப் போல அவை அவ்வளவாக வெடிப்பதில்லை. வைப்பாற்றின் கரையில் விசயகரிசல்குளத்து மேட்டைத் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2022 முதல் அகழ்ந்தபோது அடுக்குகளைப் படிக்க முடிந்ததற்கு மேட்டின் இவ்வியல்பும் துணை.

கல் மண்ணைப் போல் வீங்குவதில்லை. ஆனாலும் கல்வெட்டும் தன் காலத்தை எளிதில் ஒப்புவிப்பதில்லை. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்று அது சொல்லும். அந்த அரசன் எந்த ஆண்டில் முடிசூடினான் என்று சொல்லாது. ஒரே பெயரில் பல அரசர் வேறு. ஆதலால் எங்கேனும் ஒரு கல்வெட்டில் ஆட்சியாண்டும் சக ஆண்டும் சேர்ந்து வந்தால் அது புதையலைவிட உயர்வு. பழனிப் பக்கத்து ஐவர்மலையில் அப்படி ஒன்று கிடைத்தது. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டும் சக ஆண்டு 792ம் அதில் ஒருசேர உள்ளன. சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. 870. எட்டாண்டு பின்னே சென்றால் இரண்டாம் வரகுணன் 862இல் அரியணை ஏறினான் என்பது உறுதிப்படுகிறது. அந்த ஓர் ஆணியில் பாண்டியர் கால வரிசையின் பெரும்பகுதி தொங்குகிறது. அவன் தந்தை சீமாறன் சீவல்லவன், அவனுடைய எருக்கங்குடி ஏரிகள் எல்லாமே அதைக்கொண்டே காலம் பெறுகின்றன. கல்வெட்டின் செய்தியும் சுவையானது: குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பழைய திருமேனிகளைப் புதுக்கி, அறத்துக்கு 505 காணம் பொன் வைத்தார். இங்கேயும் மாணாக்கர், ஆசிரியர், பழையதைப் பேணுதல்!

எழுத்தின் வடிவமும் காலத்தைச் சொல்லும். பாண்டி நாட்டில் பத்தாம் நூற்றாண்டின் இறுதி வரை வட்டெழுத்தே கல்லில் ஆட்சி செய்தது. சோழர் பாண்டி நாட்டைக் கொண்டபின் தமிழெழுத்து அவ்விடத்தைப் பிடித்தது. ஓர் ஊரில் இருவகை எழுத்தும் கிடைத்தால் ஆட்சி மாறிய எல்லைக்கோட்டையே கல்லில் காணலாம். திருச்சுழிக்கு அருகில் பள்ளிமடம் அத்தகைய ஊர். அங்குள்ள காளைநாதர் கோயில், சுந்தரபாண்டிய ஈசுவரம் என்ற பெயரில் பாண்டிய அரசன் ஒருவனுக்கு எழுப்பிய பள்ளிப்படை. சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. சோழனின் தலை கொண்டவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அவன் முடிவில் சோழன் ஆதித்த கரிகாலனிடம் தலை இழந்தான். வென்ற கதை பாண்டி நாட்டிலும், வீழ்ந்த கதை சோழ நாட்டிலும் கல்லில் நிற்கின்றன. திருச்சுழிக்கு நாள்தோறும் வருவோர் பலர். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலுக்கும், 1879 திசம்பர் 30இல் இரமணர் பிறந்த வீட்டுக்கும் அவர்கள் போகின்றனர். அவர்களில் பள்ளிமடத்துப் பக்கம் திரும்புவோர் அரியர். ஓர் அரசன் அடக்கமான இடம் இத்தனை அருகில் இருந்தும் ஊர்திகள் நேராகப் போய்விடுகின்றன.

பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு, இந்நிலத்தாரின் வாழ்வை அரசர் கதைகளைவிடத் தெளிவாகக் காட்டும். அணையா விளக்கு ஒன்றுக்கு ஐம்பது ஆடு. அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய். ஆடுகளை ஏற்றுக்கொண்ட ஆயர், அவை சாகாமலும் மூப்படையாமலும் மந்தையின் எண்ணிக்கையைக் காக்கக் கடமைப்பட்டவர். அதாவது கோயில் பெற்றது ஆட்டையன்று, ஓயாது நெய் தரும் ஒரு முதலீட்டை. நெல்லை நம்பி வாழ முடியாத மேட்டுநிலத்தில் செல்வம் கால்நடையாக இருந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பொருளியல் ஆவணம் வேண்டுவதில்லை. நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து முள்வெளிகளில் கிடை போடும் ஆயரைக் கண்ட மாணவனுக்கு இக்கல்வெட்டைப் புரியவைக்க ஆசிரியர் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. நகரத்து மாணவனுக்குத்தான் அரை நாள் ஆகும்.

கல்லைப் படிப்பதற்கு முன் அதைத் தாளில் இறக்கவேண்டும். அதற்கு மைப்படி எடுத்தல் என்று பெயர். பாசியும் சுண்ணாம்பும் போகக் கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் படியவைத்து, தூரிகைக் கட்டையால் மெல்லத் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவர். பிறகு மையொற்றியால் மேலே ஒற்றினால் பள்ளம் வெண்மையாகவும் மேடு கருமையாகவும் நிற்கும். தாள் காய்ந்ததும் உரித்தெடுக்கலாம். எழுத்துகள் நேராகவே இருக்கும். ஒளிப்படக் கருவி வளர்ந்த இக்காலத்திலும் தேய்ந்த கல்லுக்கு இதை விஞ்சிய எளிய முறை இல்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகளைத் திரட்டுவதற்கு 1886இல் உல்சு என்னும் செருமானிய அறிஞர் அமர்த்தப்பட்டார். முதற் தொகுதி 1890இல் வெளிவந்தது. அன்று தொடங்கிய படியெடுப்புத்தான் இன்று நாம் ஊர்ப்பெயர் சொல்லி உரையாடும் வாய்ப்பைத் தந்தது. கல் உடைந்து திருப்பணியில் காணாமற்போன ஊர்களில் மைப்படியே மூலமாகிவிட்டது.

அத்தொகுதிகளை மக்களிடம் கொண்டுவந்தவர்களில் பலர் பள்ளிக்கூட ஆசிரியர்கள். இது தமிழகத்து வரலாற்றுத் துறையின் தனிச்சிறப்பு என்பேன். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் 1917 முதல் கால் நூற்றாண்டு குடந்தை வாணாதுறைப் பள்ளியில் ஆசிரியராயிருந்து, அதன்பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பாண்டியர் வரலாற்றை அவர் எழுதியது பள்ளி ஆசிரியராக இருந்த நாளில். மயிலை சீனி. வேங்கடசாமியோ (1900–1980) தொடக்கப்பள்ளி ஆசிரியர். எழும்பூர் ஓவியப்பள்ளியில் பயின்றவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். 1954இல் அவர் வெளியிட்ட ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலில் மாவட்டம் மாவட்டமாகச் சமண ஊர்களைத் தொகுத்தார். அன்றைய இராமநாதபுர மாவட்டப் பகுதியில் கோவிலாங்குளம் போன்ற கரிசல் ஊர்களும் இடம்பெற்றன. ஆங்கில ஆண்டறிக்கைகளில் எண்களுக்கு நடுவே புதைந்து கிடந்த செய்தியை அவ்வூர்க்காரனே படிக்கும் தமிழில் அவர் எடுத்துவைத்தார். ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று இல்லாத நூல்களுக்கே ஒரு நூல் எழுதியவர் அவர். இல்லாததையும் அதன் சுவடு தெரிந்த இடத்தையும் பதிவதும் வரலாற்றாசிரியன் கடன் என்பதை அவரைவிடச் செம்மையாக எவரும் செய்து காட்டவில்லை. ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பேராசிரியர்கள் மேற்கோள் காட்டாமல் சமணம் பற்றி ஒரு பக்கம் எழுத முடியாத நிலை இன்றும் நீடிக்கிறது. அதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.

வகுப்பறையில் பொருளின் இடத்தைக் காப்பது எப்படி என்பதற்குக் கீழடி தலைசிறந்த எடுத்துக்காட்டு. 1970களில் அவ்வூர்ப் பள்ளியில் வரலாறு கற்பித்த வி. பாலசுப்பிரமணியம், தென்னந்தோப்பில் கிணறு வெட்டும்போது வெளிப்பட்ட பொருள்களைத் தம் மாணவர் கொண்டுவந்தபோது தூக்கி எறியவும் இல்லை, வீட்டுக்கு எடுத்துச்செல்லவும் இல்லை. தொல்லியல் துறையின் வெ. வேதாசலத்திடம் செய்தி சொன்னார். நடுவண் தொல்லியல் துறை அங்கே குழி தோண்டியது 2014–15இல். இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டு. அந்த நாற்பதாண்டும் இன்ன ஊர், இன்ன தோப்பு என்ற செய்தி அழியாதிருந்தது.

பின்னர் தமிழ்நாட்டரசு அகழ்ந்தபோது 353 செண்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வகம் ஒன்றில் கரிமம்-14 முறையில் கி.மு. 580 என்று காலங்காட்டியது. அம்முறையின் அடிப்படையைச் சற்றே விளக்குவது நலம். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரிமம்-14 என்னும் கதிரியக்கக் கரிமத்தைப் பெற்றுக்கொண்டே இருக்கும். மரம் இறந்தால் வரவு நின்றுவிடும். இருப்பு 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் இறந்த காலம் தெரியும். கவனிக்க: அளக்கப்படுவது மரம் இறந்த காலம். பானையின் காலமன்று. கரியும் பானையும் ஒரே அடுக்கில், குலையாமல், ஒன்றாகக் கிடந்தன என்று அகழ்ந்தவர் உறுதி சொன்னாலன்றி அந்த எண் பானைக்குப் பொருந்தாது. கோடிக்கணக்கில் விலைபெறும் கருவியும் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிய ஆழத்தை நம்பியே பேசுகிறது.

கிழக்கே திருப்புல்லாணி அரசு மேல்நிலைப்பள்ளியில் ஆசிரியர் வே. இராசகுரு 2010இல் தொடங்கிய தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இவ்வேலையைத் திட்டமாகவே செய்தது. மாணவர் வட்டெழுத்து படிக்கவும் மைப்படி எடுக்கவும் கற்றனர். தத்தம் ஊர்ச் செய்திகளைத் தாமே தேடி எழுதினர். 1985 வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுர மாவட்டத்தில் இருந்தவையே. மாவட்ட எல்லை மாறியதால் மண்ணும் வரலாறும் மாறிவிடவில்லை. அம்மன்றம் போன்றதொன்று கரிசல் பள்ளி ஒவ்வொன்றிலும் இருந்திருக்கலாம். தேர்வில் மதிப்பெண் இல்லாத எதற்கும் நேரம் ஒதுக்காத பள்ளிகளில் அது நடக்காது என்பதும் உண்மை.

அருங்காட்சியகத்துக்கு வருவோம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூசு பூட் நிலப்பொதியியலாளர். அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அத்திரட்டின் பெருமை அளவில் இல்லை. ஊர்வாரியாக, இடஞ்சுட்டி அவர் எழுதிவைத்த பட்டியலில் இருக்கிறது. தென்பாண்டித் தேரிகளில் அவர் குறித்த நுண்கற்கருவி இடங்களை அடுத்த நூற்றாண்டில் ஆய்வாளர்கள் மீண்டும் சென்று காணமுடிந்தது. செம்மணல் தேரிகள் உருவான காலத்தோடு அக்கருவிகளை இணைத்துச் சாய்னர், ஆல்சின் இருவரும் 1956இல் எழுதிய கட்டுரைக்கு அவ்விடக் குறிப்புகளே வித்து. ஊர்ப்பெயர் இல்லாமல் அழகான கருவிகளை மட்டும் அவர் சேர்த்திருந்தால் அவை இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கூழாங்கற்களே.

இதே அளவுகோலை விசயகரிசல்குளத்துச் சங்கு வளையல்களுக்கும் பொருத்தலாம். முழு வளையல் கிடைத்தால் அவ்வூரார் அணிந்தனர் என்பதற்கு மேல் சொல்ல முடியாது, வணிகர் கொண்டுவந்திருக்கலாம். அறுத்துப் பாதியில் விட்ட சங்கும், கழித்துப்போட்ட துண்டும் சேர்ந்து கிடைத்தால் வளையல் அங்கேயே அறுக்கப்பட்டது என்பது தெளிவு. சங்கு மன்னார்க் கடலினது. அங்கிருந்து உள்நாட்டுக்குப் போகும் வழியாக வைப்பாறே அமைந்திருக்கிறது. எனவே காட்சிப் பேழையில் வைக்கத்தக்கது பளபளக்கும் முழுவளையல் என்று எண்ணும் காப்பாளர் வரலாற்றைப் பாதி மறைக்கிறார். கழிவுத் துண்டுகளையும் உடன்வைக்கும் காப்பாளரே பட்டறையைக் காட்டுகிறார். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் பொருள்களை அகழ்ந்த ஊரிலேயே வைத்தது. நம் மாவட்டத் தலைநகர் அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு இது ஒரு பாடம். சிலைகளைத் திரட்டி வெளிமுற்றத்தில் வரிசையாக நிறுத்தி, ‘பெருமாள், 12ஆம் நூற்றாண்டு’ என்று தகடு பதிப்பதை இனியேனும் விடவேண்டும். எந்த ஊர்க் கண்மாய்க்கரையில் யார் கண்டது என்பதற்கு அத்தகட்டில் இன்னும் இரண்டு வரி இடம் உண்டு.

ஊர் வரலாறு மூன்றிலும் கடினமானது, ஏனெனில் அங்கே சான்று பேசும். சில வேளை பொய்யும் பேசும். அருப்புக்கோட்டையில் தேவாங்கரும் சாலியரும் தறிநெய்தனர். நாடார் வணிகர் கடை விரித்தனர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார் உறவின்முறைகள் பேட்டை அமைத்து, சரக்கின்மேல் மகமை வாங்கிப் பொதுப்பணிக்குச் செலவிட்டதை அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் ஆர்டுகிரேவ் 1969இல் தம் நூலில் விரிவாக எழுதினார். விருதுநகரில் 1889இல் எழுந்த சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியாலும் மகமையாலும் வளர்ந்தது. காமராசர் அங்கே படித்தவர் என்பதை நாடறியும். பருத்தி, மிளகாய், மல்லி என்று மூட்டைக்கு இத்தனை காசு மகமை என்னும் கணக்கேடுகள், எந்த ஆண்டு மழை பெய்தது, எந்த ஆண்டு பொய்த்தது என்பதையும் மறைமுகமாகச் சொல்லும் வல்லமை உடையவை. வரத்துக் குறைந்தால் மகமையும் குறையும். தாது ஆண்டுப் பஞ்சம் எனப்படும் 1876–78 கொடும்பஞ்சத்தை ஆங்கிலேயர் அறிக்கையில் படிப்பதற்கும் ஊர்க்கடை ஏட்டில் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

ஆனால் சாதி வரலாறு எழுதுவோர் பலர் இவ்வேடுகளைத் திறப்பதில்லை. தம் குலத்தை மூவேந்தரோடு முடிச்சுப்போடும் நூல்களே அச்சேறுகின்றன. மூட்டைக் கணக்கில் உழைப்பின் மெய்ப்பெருமை இருக்க, இல்லாத மணிமுடிக்கு அலைவானேன்? நா. வானமாமலை (1917–1980) இவ்வகையில் வழிகாட்டி. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய அவர் 1967இல் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கி, பல தொழில் செய்வோரையும் ஆய்வாளராக்கினார். கட்டபொம்மு, முத்துப்பட்டன், கான்சாகிபு பற்றிய கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது அவற்றை அப்படியே வரலாறென்று கொள்ளவும் இல்லை, கட்டுக்கதையென்று தள்ளவும் இல்லை. பாடியவர் யார், எவ்வூரில், எந்தக் கூட்டத்தார் கேட்கப் பாடினர் என்று கேட்டார். வாய்மொழிச் சான்றுக்கும் மண்ணடுக்கு உண்டு. பாட்டன் கண்டது, பாட்டன் கேட்டது, பேரன் திரைப்படத்தில் பார்த்தது ஆகியன ஒரே கதையில் கலந்து கிடக்கும். கரிசல் வெடிப்பில் வளையல் துண்டைப் பிரித்தறிவது போன்றதே அவற்றைப் பிரித்தறிவதும். மதுரையில் 2010இல் எழுத்தாளர் அ. முத்துகிருட்டிணன் தொடங்கிய பசுமை நடை, பொதுமக்களைக் குடும்பத்தோடு குன்றுகளுக்கு அழைத்துச்சென்று கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கத்தைப் பேசவைத்தது. குறண்டி ஆசிரியர்களின் பெயரைப் பாறையிலேயே படித்துக்கேட்ட மக்கள் கூட்டம் அப்பாறையை உடைக்க விடுவதில்லை.

ஊராரிடம் தொல்பொருள் பற்றிப் பேசப்போகும் வரலாற்றாசிரியர் கையில் இன்னொன்றும் இருக்கவேண்டும். அது சட்ட அறிவு. உழும்போது காசுக்குடம் கிடைத்தால் அரசு பிடுங்கிக்கொள்ளும், வழக்கு வரும் என்ற அச்சம் கரிசலில் ஆழ வேரூன்றியது. அதனாலேயே காசுகள் இரவோடிரவாக உருக்கப்படுகின்றன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்வது வேறு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். எப்போது, எவ்விடத்தில் கிடைத்தது என்பதையும் எழுதவேண்டும். உரிமையாளர் எவரும் இல்லையென்று தெளிந்து, வேறு உடன்படிக்கையும் இல்லாதபோது, கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித்தர வேண்டும். மறைத்தவருக்கே தண்டனையும் பங்கிழப்பும். கிடைத்த இடத்தைக் குறிக்கச் சொல்லும் அச்சட்டப் பிரிவைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஊராட்சிச் சுவர்களில் ஐப்பசி உழவுக்கு முன்னர் ஒட்டலாம். அதற்குத் துறை ஒப்புதலும் வேண்டியதில்லை.